சங்கிலியைக் கழற்றிய கை

அத்தியாயம் ஆறு

கால் உடைந்தவருக்காக ஊரே உருகியது. உடைத்தவளைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் இரண்டிலும் சேர்ந்திருந்தேன்.

"பாசி மேல நிக்காதே, லோவெனா. விழுந்தா என்னால தூக்க முடியாது."

"நீங்க எதுக்கு பாஸ் தூக்கணும்? பத்து நிமிஷம் விட்டா அலையே வந்து கூட்டிட்டுப் போயிடும்."

டெல்வின் திரெசீஸ் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. படகுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்காக விபத்துகளைத் துப்பறிவது அவர் வேலை. அவருக்கு வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, யாரும் கேட்காத நேரத்தில் ஜோக் அடிப்பது என் வேலை.

பெல்லோ துறையின் படகுச் சரிவில் நாங்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். மதியம் ஒரு மணி, நீர் நன்றாக வற்றியிருந்தது. சரிவின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் பாசி. அதற்கும் கீழே கான்கிரீட் சட்டென்று முடிந்து பள்ளமாகும். தெற்கிலிருந்து வரும் அலை நேராக உள்ளே ஏறும். இந்தக் கரையில் இதைவிட மோசமான சரிவு இல்லை. ஆனால் இங்கிருந்து இருபது நிமிடத்தில் நல்ல மீன் கிடைக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் படகை இழுத்து வரும் வண்டிகளின் வரிசை சாலை வரை நிற்கும்.

பத்து நாளுக்கு முந்தைய ஞாயிறன்று வரிசையில் பதினொரு வண்டிகள். முதல் வண்டி நெரிடா டாம்ளினுடையது. ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் அவள். அவள் பின்னோக்கி இறக்கியபோது, தண்ணீரைத் தொடப் பத்தடி இருக்கும்போதே, படகு ட்ரெய்லரின் உருளைகள் மேல் வழுக்கிக் கான்கிரீட்டில் இறங்கிவிட்டது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹெட்லி ஹாஸ்கிங்கின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

படகின் மூக்கை ட்ரெய்லரோடு பிடித்து வைப்பது ஒரு சங்கிலி. மற்ற கட்டுகளை மேலேயே, தயார் செய்யும் இடத்தில் அவிழ்த்துவிடலாம். சங்கிலியை மட்டும் படகின் பின்பக்கம் மிதக்கும்வரை தொடக்கூடாது. சரிவின் தலையில் பெரிய பலகை ஒன்று அதைத்தான் சொல்கிறது: 'சங்கிலி தண்ணீரில்தான் கழற வேண்டும்.' பலகையை எழுதியவர் ஹெட்லி. கடல் மீட்புக் குழுவின் தலைவரும் அவர்தான்.

அன்று நெரிடாவின் சங்கிலி தண்ணீருக்கு வரும் முன்பே கழன்றிருந்தது. யார் கழற்றியது என்று கம்பெனிப் படிவம் கேட்டது. நெரிடா தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மீட்புப் படகின் அடுத்த ஓட்டுநராக அவளைப் போடலாமா என்று குழு இன்று மாலை ஐந்து மணிக்கு ஓட்டெடுக்கிறது. ஆறு வருடம் பயிற்சி எடுத்து, அவள் இந்த நாளுக்காகக் காத்திருந்தாள். இப்போது விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஐந்து மணிக்கு அதைப் படித்துவிட்டால் அதோடு முடிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நெரிடாவோட படகு நேரத்துக்கு வந்துடுச்சு, கடல்தான் லேட்' என்ற ஜோக் இந்த வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறது. மீன் தூண்டில் கடைக் கரும்பலகையில்கூட எழுதியிருந்தார்கள். விபத்து நடந்த அன்று சாயங்காலமே, பீர்க் கடையில், ஒரு கிளாஸுக்கும் இன்னொரு கிளாஸுக்கும் நடுவில் அதைச் சொன்னவள் நான்.

"லோவெனா, இங்க வா."

டெல்வின் மஞ்சள் கோட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். சரிவில் பாதி தூரத்தில் இருக்கும் கோடு அது. முதல் வண்டி அங்கே வந்து நின்று, அலை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கான்கிரீட் விரிசலில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. டெல்வின் தன் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தார். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டி, ஒரு முனை வெட்டுப்பட்டது.

"குப்பை பொறுக்குறதுன்னா சொல்லியிருக்கலாம் பாஸ், கையுறை கொண்டு வந்திருப்பேன்."

"இந்த வெட்டு முனையைப் பாரு. என்ன தெரியுது?"

பார்த்தேன். முனை கூரை வீட்டின் முகடு மாதிரி இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. "நசுங்கி வெட்டுப்பட்டிருக்கு."

"நல்லது. வா, பஸ்காரியைப் பாப்போம்."

*

பேருந்து நிறுத்துமிடத்தில் நெரிடா வாளியும் துணியுமாகப் பேருந்தின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புழுதியில் எந்தப் பிள்ளையோ விரலால் எழுதியிருந்தது. 'படகு நேரத்துக்கு' என்பதை அவள் அழித்துவிட்டாள். 'கடல்தான் லேட்' இன்னும் மிச்சமிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கமும் பேருந்துதான் இருந்தது.

"எழுதிக் குடுத்துட்டேனே டெல்," என்றாள் நெரிடா. துடைப்பதை நிறுத்தவில்லை. "மறதியா மேலயே கழட்டிட்டேன். இன்னும் என்ன?"

"சின்ன விஷயம்தான். சங்கிலிக் கொக்கி ஆடாம இருக்க பட்டி போடுவியாமே?"

"ஆமா. பசங்க பையில பேர் அட்டை கட்ட வாங்குவோம். ஆரஞ்சு கலர். மிச்சத்தை நான் எடுத்துக்குவேன்."

"அன்னைக்கு அதை எதால வெட்டினே?"

துணி நின்றது. "கத்தியால."

"எந்தக் கத்தி?"

"படகுல தூண்டில் கத்தி இருக்கும்ல, அது."

டெல்வின் தலையாட்டினார். அன்று மாலை நான் எடுத்த படங்களில் அந்தக் கத்தி எங்கே இருந்தது என்று எனக்கும் தெரியும். படகின் மூக்குப் பெட்டியில், மடித்த தார்பாய்க்கும் நாலு மிதவைச் சட்டைக்கும் அடியில். போகும் அவசரத்தில் யாரும் அதை அங்கிருந்து எடுத்து, ஒரு பட்டியை வெட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் புதைக்க மாட்டார்கள்.

நெரிடாவின் பிக்கப் வண்டி, காலி ட்ரெய்லரோடு, சுவரோரம் நின்றிருந்தது. டெல்வின் கேட்காமலேயே கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"லோவெனா, ட்ரெய்லருக்கு இடது பக்கம் போய் நில்லு. சங்கிலிகிட்ட. கையை நீட்டு."

"வளையல் போட்டுக்கிட்டு நீட்டவா பாஸ், இல்ல வெறும் கை போதுமா?"

"கை போதும்."

நீட்டினேன். இடதுபக்கக் கண்ணாடி தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. எங்கள் சரிவில் எல்லோரும் அப்படித்தான் சாய்ப்போம். சக்கரமும் கான்கிரீட்டின் விளிம்பும் தெரிந்தால்தான் இறக்க முடியும்.

டெல்வின் இறங்கி வந்தார். "கண்ணாடியை இன்னும் நிமித்தலையா?"

"அன்னையிலேர்ந்து வண்டிய எடுக்கவே இல்ல," என்றாள் நெரிடா. "மூணு பத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டுருவாங்க. நான் போகணும்." போகிற போக்கில் என்னைப் பார்த்து, "நல்லாருக்கியா லோ?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

*

வண்டியில் ஆளுக்கொரு பாஸ்ட்டி வைத்திருந்தோம், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்டது. டெல்வின் சாப்பிட்டார். நான் உருளைக்கிழங்கை உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

"சங்கிலியை அவ மேல தயார் பண்ற இடத்துல கழட்டியிருந்தா, பட்டி எங்க கிடக்கணும்?" என்றார்.

"மேலதான்."

"கிடந்தது மஞ்சக் கோட்டுல. வண்டி மஞ்சக் கோட்டுல நிக்கிறப்ப நெரிடா எங்க இருப்பா?"

"ஸ்டியரிங் பின்னாடி. பெல்ட்டைக் கழட்டிட்டு, ஜன்னலை இறக்கிட்டு, அலையை எண்ணிக்கிட்டு. அந்த நேரத்துல யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டாங்க."

"அப்போ அவ இறங்கல. அந்த நேரத்துல அவ ட்ரெய்லர்கிட்ட போக யாருக்கு உரிமை இருக்கு?"

இதற்கு இந்த ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் சரிவில் யாரையும் தனியாக இறக்க விடுவதில்லை. வரிசையில் இரண்டாவதாக நிற்பவர் நடந்து போய் முதல் படகின் மூக்குக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டவரை ஊர் மறக்காது. அவருக்குப் பின்னால் வருபவர் அவர் கயிற்றைப் பிடிப்பார்.

"ரெண்டாவது ஆள்," என்றேன். "ரெண்டாவது ஆள் ஹெட்லி. ஆனா பாஸ், கால் உடைஞ்சதே அவருக்குத்தானே?"

"அதனாலதான் பத்து நாளா யாரும் அவரைக் கேக்கல."

"பட்டியை நசுக்கி வெட்டினது..."

"வெட்டுக்குறடு. அவரு இடுப்புல என்ன தொங்கும்?"

"பெல்ட் இல்லாம வந்தாலும் வருவாரு, குறடு இல்லாம வரமாட்டாரு." சொல்லும்போது சிரித்தேன். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை.

"நீ மூணாவதா நின்னே. பாக்கலையா?"

"அவர் படகு பெருசு, மறைச்சிருச்சு. அதுவும் போக, ஹெட்லி சரிவுல நடக்குறதை யாரு பாஸ் பாப்பா? அந்தப் பலகை மாதிரிதான் அவரும். எப்பவும் அங்க இருப்பாரு."

டெல்வின் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி நகர்றதுக்கு முன்னாடி ஹாரன் சத்தம் கேட்டுச்சுன்னு நாலு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. யாரு அடிச்சது?"

"பதினோரு வண்டி இருந்துச்சு," என்றேன்.

அது பொய் இல்லை. மிச்ச உருளைக்கிழங்கைக் காகிதத்தில் மடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

*

ஆஸ்பத்திரியில் ஹெட்லியின் கால் கட்டிலுக்கு மேல் கம்பியில் தொங்கியது. மேசை நிறைய ஆரஞ்சும் வாழைப்பழமும் வாழ்த்து அட்டைகளும். டெல்வின் எதையும் சொல்லாமல் பட்டித் துண்டை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தார்.

ஹெட்லி அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கதவைச் சாத்தும்மா," என்றார்.

சாத்தினேன்.

"போன கோடைல இதே மாதிரி நீர் வத்தின நேரம்," என்று ஆரம்பித்தார். "நெரிடா இடுப்பளவு தண்ணில இறங்கி சங்கிலியைக் கழட்டப் போனா. அலை தூக்கிப் போட்டுச்சு. மேல நின்னவனெல்லாம் கை தட்டினான். நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி என் பொண்டாட்டி கேட்டா, உன் பொண்ணா இருந்தா சிரிப்பியான்னு."

"அதனால?"

"அன்னைக்கு அலை மோசம். அவ மறுபடி நனைய வேணாம், அவனுங்க மறுபடி சிரிக்க வேணாம்னு நினைச்சேன். பட்டியை வெட்டி, கொக்கியை விட்டுட்டு, கயித்தைக் கையில சுத்திக்கிட்டேன். நான் பிடிச்சுக்குவேன்ல?"

"அறுநூறு கிலோ படகை."

"தண்ணியில பிடிச்சே பழகிப்போச்சு டெல். தண்ணியில அது பஞ்சு. சரிவுல அது என்னன்னு நான்தான் இருபத்திரண்டு வருஷமா ஊருக்குச் சொல்றேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஜன்னல்கிட்ட போய் அவகிட்ட சொல்லணும்னுதான் திரும்பினேன். எவனோ ஹாரன் அடிச்சான். அவ பிரேக்கை விட்டுட்டா."

நான் மேசை மேல் இருந்த ஆரஞ்சுகளை எண்ண ஆரம்பித்தேன். ஏழு.

"நெரிடா தன் பேரை எழுதிக் குடுத்திருக்கா. தெரியுமா?" என்றார் டெல்வின்.

"தெரியும்."

போர்வை மேல் கிடந்த பட்டித் துண்டைத் திருப்பிப் போட்டார்.

"யாராவது வந்து கேப்பாங்கன்னு பாத்தேன்," என்றார். "கேட்டா சொல்லிடலாம்னு. பழம் கொண்டு வந்தாங்க. யாரும் கேக்கல. முதல் நாள் சொல்லல, ரெண்டாம் நாள் சொல்ல முடியல. இப்ப சொன்னா பத்து நாளும் சேர்ந்து வரும்." டெல்வினின் கையைப் பிடித்தார். "வெளில தெரிஞ்சா நான் அந்தச் சரிவுல எப்படி நிப்பேன்?"

ஒற்றைக் காலில், என்று என் வாய்க்குள் வந்தது. விழுங்கினேன். இந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"என் அறிக்கை நாளைக்குத்தான் போகும்," என்றார் டெல்வின். "ஓட்டு இன்னைக்கு அஞ்சு மணிக்கு. அவ கடிதம் துணைத்தலைவி மெர்ல்கிட்ட இருக்கு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஹெட்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலைத் திருப்ப முடியவில்லை. நாங்கள் வெளியே வந்தோம்.

கார் நிறுத்துமிடத்தில் வண்டியில் ஏறிச் சாவியைச் செருகினேன். திருப்பவில்லை.

"ஹாரன் அடிச்சது நான்தான் பாஸ்."

"தெரியும். மூணு சுருதியில கத்துற ஹாரன் இந்தக் கரையில ஒண்ணுதான் இருக்கு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பத்து நாளா."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

"நீ சொல்றியான்னு." பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "வண்டியை எடு. நாலு நாப்பது."

*

மீட்புக் குழுவின் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. ஓட்டுப் போடும் குழுவில் ஒன்பது பேர். ஹெட்லி இல்லாமல் எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெரிடாவுக்கு ஓட்டு இல்லை என்பதால், பேருந்துச் சீருடையோடு கதவுப் பக்கம் தனி நாற்காலியில் இருந்தாள். துணைத்தலைவி மெர்ல் பாஸ்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார்.

"அதைப் படிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிமிஷம் வேணும்," என்றேன்.

"நீ குழுவுல இல்லியே லோவெனா."

"அதான் மெர்ல், உள்ள இருந்தா இதைச் சொன்னதும் என்னை வெளிய அனுப்பிடுவீங்க. நான் வெளியிலேர்ந்தே சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். என் வாய் வேலை செய்கிறது என்று நினைத்திருப்பார்கள். நான் எழுந்து நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு ஹாரன் அடிச்சது நான். எனக்கு ஒரு அவசரமும் இல்ல. முன்னாடி பொம்பள ஓட்டுறா, நேரமாகும்னு நினைச்சேன். நானும் பொம்பளைதான். அது அப்ப ஞாபகம் வரல. அந்தக் கடல் லேட் ஜோக்கும் என்னுதுதான். அவ பஸ்ல பசங்க எழுதி வெச்சிருக்காங்க. இன்னைக்கு அவ அதைத் துடைச்சிட்டு இருந்தா."

பின்னால் ஒருவன் ஜோக்கின் பெயரைக் கேட்டதும் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"ஹாரன் இல்லாட்டியும் நான் இறக்கியிருப்பேன் லோ," என்றாள் நெரிடா. "உக்காரு."

நான் உட்காரவில்லை. அப்போது மெர்லின் கைபேசி அடித்தது. அவர் எண்ணைப் பார்த்தார், டெல்வினைப் பார்த்தார், பிறகு கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"ஹெட்லி பேசுறேன். நெரிடா இருக்காளா?"

"இருக்கா. எல்லாரும் இருக்கோம்."

"சங்கிலியைக் கழட்டினது நான்." மூச்சு வாங்கியது. "பட்டியை வெட்டினதும் நான். அவளுக்குத் தெரியாது. பத்து நாளா அவளைத் திட்டவிட்டுப் படுத்திருந்தேன். என்னத்தைச் சொல்றது. அவ்வளவுதான்."

எட்டுப் பேரும் அந்தக் கைபேசியையே பார்த்தார்கள். அவர்களில் ஆறு பேருக்குச் சரிவில் படகு இறக்கக் கற்றுத்தந்த குரல் அது.

நான் டெல்வினைப் பார்த்தேன். வழக்கு முடிந்த முகம் அவரிடம் இல்லை. அவர் நெரிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் ஹெட்லி," என்றாள் நெரிடா.

அவள் நாற்காலியின் முனைக்கு நகர்ந்தாள்.

"கண்ணாடியில பாத்தேன். உங்க மஞ்சள் சட்டைக் கை சங்கிலிக்குப் போச்சு. என்ன பண்றீங்கன்னு சரியாத் தெரியல. இறங்கிப் பாத்திருக்கணும். படகு என்னுது, சங்கிலி என்னுது, பாக்க வேண்டியது நான்."

"ஏன் இறங்கல?" மெர்ல் மெதுவாகக் கேட்டார்.

"பின்னாடி பத்து வண்டி பாத்துக்கிட்டு இருந்துச்சு மெர்ல். மேல ஒரு தடவை இறங்கிச் சரிபாத்துட்டேன். கோட்டுக்கு வந்தப்புறம் மறுபடி இறங்கினா என்ன சொல்வாங்கன்னு தெரியும். ஹாரனும் அடிச்சாச்சு. வெக்கமா இருந்துச்சு." சீருடையின் கைப்பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். "அந்த வெக்கத்துல ஒருத்தர் காலை உடைச்சிட்டேன். அதான் என் பேரை எழுதினேன். அவர் மேல பழி போட்டு நான் தப்பிக்கிறேன்னு பேசுவாங்கன்னும் ஒரு பயம். அதையும் சொல்லிடுறேன்."

கையை நீட்டச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பற்றி டெல்வின் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது: என் கை அதில் தெரிந்திருக்கிறது. அவர் வண்டியிலேயே இதைத் தெரிந்துகொண்டுவிட்டார். சொல்ல வேண்டியவள் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்.

நெரிடா எழுந்து போய் மெர்லின் கையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.

"இதைப் படிக்க வேணாம். நான் விலகல. ஆனா இப்ப நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ஓட்டுப் போடுங்க. வேணாம்னா வேணாம், நான் நாளைக்கும் பஸ் ஓட்டுவேன்."

மெர்ல் தொண்டையைச் செருமினார். "சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

பீர்க் கடையில் என் ஜோக்குக்கு முதலில் சிரித்தவன் முதலில் கை தூக்கினான், தரையைப் பார்த்தபடி. பக்கத்தில் இருந்தவள் தூக்கினாள். போன கோடையில் சரிவின் மேல் நின்று கை தட்டியவர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். மெர்லும் தூக்கினார், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. கைகள் உயர்ந்தன. தலைகள் குனிந்தே இருந்தன.

"எத்தனை?" என்றது கைபேசி. "மெர்ல், எத்தனை பேரு?"

மெர்ல் நிமிரவில்லை. யாரும் நிமிரவில்லை. நானும்தான். எண்ணுகிற வேலை கடைசியில் நெரிடாவுக்கே வந்தது. அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்து, சத்தமாக, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி எண்ணினாள்.

"ஆறு. ஏழு. எட்டு."

கைபேசியில் கட்டில் கம்பி கிறீச்சிட்டது.

"ஒம்போது," என்றார் ஹெட்லி.